ஒண்ணு விடாம அழி!

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த காலம் அது. எங்கள் விருதுநகர் பருப்பு மில் ஆபீஸில் மானேஜர் குலசேகரன் ஒருநாள் நோட்டீஸ் ஒட்டினார். கம்பெனி மெயில் பாஸ்வேர்டை மனப்பாடம் செய்யாமல் பிரவுசரில் சேமித்து வைத்திருப்பவருக்கு இனி வேலை இல்லையாம்.

ஆளைக் கண்டுபிடிக்கும் வேலை தற்காலிக ஆபரேட்டர் மரகதவல்லி தலையில் விழுந்தது. பெயர் சொல்லாவிட்டால் அவள் வேலையும் போய்விடும்.

"நான் சொன்னா கோள் மூட்டுன மாதிரி ஆயிரும் சார். சேமிச்சதையெல்லாம் அழிச்சிடுறேன். காலையில மெயிலைத் திறக்க முடியாம யார் முழிக்காங்களோ, அவங்கதான்" என்றாள்.

மானேஜர் மீசையை நீவினார். "ஒண்ணு விடாம அழி!"

உண்மையில் நாங்கள் எல்லோருமே சேமித்தவர்கள்தான். மரகதவல்லி அழிப்பதற்கு முன் அவரவர் பாஸ்வேர்டைத் திரையில் காட்டி, "நெட்டுருப் போட்டுக்கங்க" என்றாள். மானேஜர் சாப்பிடப் போயிருந்தபோது அவர் கம்ப்யூட்டரிலும் அழித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை எல்லோருக்கும் மெயில் திறந்தது. மானேஜர் அறைக் கதவுதான் வெகுநேரம் திறக்கவில்லை. கடைசியில் தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"மரகதம்மா, என் மெஷின்ல என்னமோ கோளாறு. பாஸ்வேர்டு கேக்குது."

"பேரைச் சத்தமாச் சொல்லவா சார், மெதுவாச் சொல்லவா?"

டீ வருவதற்குள் நோட்டீஸ் போர்டு காலியாகிவிட்டது.

அந்த மில்லும் இப்போது இல்லை. ஆனாலும் போன் "சேமிக்கவா?" என்று கேட்கும்போதெல்லாம் 'சரி' என்று அழுத்திவிட்டு, மரகதவல்லிக்குப் பயந்து ஒருமுறை நெட்டுருவும் போட்டுக்கொள்கிறேன்.