மூன்று புள்ளிகள்

ஜெபமணி துறைமுகத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி எஸ்தருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. அவள் தொட்டுச் சொல்வதற்கு ஒரு திரையைத் தன் கையாலேயே செய்துவிட நினைத்தார். தூத்துக்குடியில் சாயங்கால எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் சேர்ந்தார். பாடம் எடுத்த ஃபர்ஸானாவுக்கு வயது இருபத்தெட்டு.

ஒரு மாதம் ஆகியும் அவர் ஒரு வயரைக்கூட இணைக்கவில்லை. திரையை இயக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கு முந்நூறு பக்கக் கையேடு இருந்தது. அதைப் படித்தபடியே தாளில் நாற்பது பட்டன் வரைந்து வைத்திருந்தார்.

“எங்கேயிருந்து ஆரம்பிக்கணும்னே தெரியல டீச்சர். படிக்கப் படிக்கக் குழம்புது.”

“வீட்ல அம்மா கடைசியா எதுக்குக் கோபப்பட்டாங்க?”

யோசித்தார். “அவ ஃபேனை நிறுத்தச் சொன்னான்னு இப்பத் தோணுது. நான் ஜன்னலைச் சாத்தினேன்.”

“அப்ப ஃபேன்” என்றாள்.

திரையில் முதல் பட்டனாக ஃபேன் வந்தது. அதன் கீழே தண்ணி, வலி. நாலாவது இடம் சும்மா கிடந்ததால் ‘வேண்டாம்’ என்று போட்டார். எதைத் தொட்டாலும் அந்தச் சொல் திரை முழுக்கப் பெரிதாக வந்தது. வகுப்பில் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் சரியாக வந்தது.

வீட்டில் வரவில்லை. எஸ்தர் ஃபேனைத் தொட்டால் ‘தண்ணி’ என்றது. அவர் தண்ணீர் எடுத்துப் போனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் முறை டம்ளரைத் தட்டிவிட்டாள்.

மறுநாளே வந்து நின்றார்.

“வயரை மாத்திட்டேன். புரோகிராமை வரிவரியாப் பாத்துட்டேன். நான் தொட்டாச் சரியா வருது, அவ தொட்டாத் தப்பா வருது. கோளாறு சிப்லயா டீச்சர், அவ விரல்லயா?”

“பெஞ்சுல படுங்க அண்ணாச்சி.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. படுத்தார். வலது கையை முதுகுக்கடியில் வைக்கச் சொன்னாள். திரையை அவர் இடது பக்கம், தலைக்கு மேலே, சாய்த்துப் பிடித்தாள்.

“ஃபேனைத் தொடுங்க. இடது கையால. விரலை மடக்கி.”

தொட்டார். ‘தண்ணி’ என்று வந்தது.

“தொடுற இடத்தை அது தெரிஞ்சுக்க முதல்ல மூணு புள்ளி காட்டுமே, அதை யார் தொட்டது?”

“நான்தான். மேஜைல வச்சு.”

ஃபர்ஸானா திரையை அவர் கையில் கொடுத்தாள்.

அன்று வீட்டில் எஸ்தர் படுத்தவாறே மூன்று புள்ளிகளையும் தொட்டாள். மூன்றாவதுக்கு நெடுநேரம் ஆயிற்று. கை இரண்டு முறை பாதியில் விழுந்தது. தூக்கிப் பிடிக்கப் போனவர், பிடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவள் திரையைத் தொட்டாள். ‘வேண்டாம்’ என்று வந்தது.

அவர் ஃபேனை நிறுத்தினார். வேண்டாம். போட்டார். வேண்டாம். தலையணையை எடுத்தார், ஜன்னலைத் திறந்தார், ரேடியோவை அணைத்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு அதே இடத்தைத் தொட்டாள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணை அவள் அருகில் உட்காரச் சொல்லிவிட்டு, திரையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

“மறுபடியும் கெட்டுப் போச்சா டீச்சர்?”

ஃபர்ஸானா பெஞ்சில் படுத்து நாலு சொல்லையும் தொட்டுப் பார்த்தாள். தொட்ட சொல்லே வந்தது.

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப எதை வேண்டாம்ங்கா? எனக்கு ஒண்ணுமே புரியல. நீங்களாவது சொல்லுங்க.”

அவள் எழுந்து, திரையைத் துண்டில் சுற்றி அவரிடம் நீட்டினாள்.

“அதை ஏன் அண்ணாச்சி என்கிட்ட வந்து கேக்கீங்க?”