ஓரமா நில்லு

"டீச்சர், உங்க மூலைமட்டத்த ஒருநாள் இரவல் தருவீங்களா?" என்று கேட்டாள் வெள்ளத்தாய்.

"தர மாட்டேன்" என்றாள் அமலி டீச்சர்.

வெள்ளத்தாய்க்கு முகம் சுண்டிப் போயிற்று. அவள் கேட்டது பொன்னும் அல்ல, பொருளும் அல்ல. கரும்பலகையில் கோடு போட டீச்சர் வைத்திருக்கும் மர முக்கோணம். அந்த நடுநிலைப்பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் ஆளுக்கு இரண்டு மூலைமட்டம் வைத்திருக்கிறார்கள். பாதிப் பேர் அதை முதுகு சொறியத்தான் வெளியே எடுக்கிறார்கள்.

வெள்ளத்தாய்க்கு அதைத் தொடக்கூட அனுமதி இல்லை.

பள்ளிக்குப் பின்னால் புது வகுப்பறை கட்டுகிறார்கள். வெள்ளத்தாய் அங்கே சித்தாள். கொத்தனாருக்குக் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. அவளோடு மண் சுமந்த ஆண்களில் நாலு பேர் இன்றைக்குக் கொத்துக்கரண்டி பிடித்து, கொத்தனார் என்று பெயரெடுத்துவிட்டார்கள். அவள் மட்டும் சித்தாளாகவே நாற்பத்தாறு வயதுக்கு வந்து நிற்கிறாள்.

போன வாரம் அவள் ஒரு தப்புச் செய்தாள். எழும்பிக்கொண்டிருந்த சுவரைப் பார்த்து, "இந்த மூலை கோணுது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

கோமதிநாயகம் மேஸ்திரி தன் இரும்பு மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். கோணித்தான் இருந்தது. மூன்று வரிக் கல்லைப் பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று. சுவர் கோணியதை மேஸ்திரி தாங்கிக்கொண்டார். அதை ஒரு சித்தாள் சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நேற்று வெள்ளத்தாய் கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"ஒரு சுவத்த நான் கட்டுதேன் மேஸ்திரி. கரண்டியக் குடுங்க."

"ஏளா, மட்டமான ஆளு மட்டத்தத் தொட்டா சுவரு கோணிரும்" என்றார் மேஸ்திரி.

கொத்தனார்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் வெள்ளத்தாயை விடவில்லை.

"தொடாமலே மூலை போடுதேன்" என்றாள்.

இப்படித்தான் வம்பு வந்தது. நாளைக்குக் காலை, வெறுந்தரையில் அவள் ஒரு மூலை போட வேண்டும். மேஸ்திரியின் மட்டம், டேப், நூல் எதையும் தொடக்கூடாது. செங்கல்லை வைத்து ஒப்பேற்றவும் கூடாது. மூலை சரியாக விழுந்தால் கரண்டியும் ஒரு சுவரும் அவளுக்கு. கோணினால், பொம்பளை கை வைத்தால் சுவர் கோணும் என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டு, அந்த வேலைக்கே அவள் வரக்கூடாது.

சவடாலாகச் சொல்லிவிட்டாள். எப்படிப் போடுவது என்று அவளுக்குத் தெரியாது.

"ஏன் டீச்சர் தர மாட்டேங்கீங்க?"

"அதையும் மேஸ்திரி பிடுங்கிருவாரு அக்கா."

அமலி டீச்சருக்கு வயது இருபத்தெட்டு. வெள்ளத்தாயின் மூத்த மகளைவிட ஒரு வயது கூடுதல், அவ்வளவுதான். அதிகம் பேசமாட்டாள். பிள்ளைகள் கேள்வி கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பாள். அதனாலேயே அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும், மீதிக்குப் பிடிக்காது.

"பிடுங்க முடியாதது ஒண்ணு வேணும் உங்களுக்கு" என்றாள்.

"அப்படி என்ன இருக்கு?"

"மேஸ்திரி உங்களை அடிக்கடி என்ன சொல்லுவாரு?"

"ஏசுவாரு."

"என்ன சொல்லி?"

வெள்ளத்தாய் யோசிக்கவே இல்லை. "ஓரமா நில்லும்பாரு. லாரி வந்தா ஓரமா நில்லு. இன்ஜினியர் வந்தா ஓரமா நில்லு. கட்டி முடிச்சு போட்டோ எடுக்கையிலயும் ஓரமா நில்லு. ஒரு போட்டோலயும் எம் மூஞ்சி முழுசா விழுந்ததில்ல."

"அவரு சொல்றபடியே செய்யுங்க" என்றாள் டீச்சர்.

வெள்ளத்தாய்க்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு இதைக் கேட்கவா ஓடி வந்தோம் என்று இருந்தது.

"இதச் சொல்லவா இம்புட்டுப் படிச்சீங்க? ஓரமா நிக்க எனக்குத் தெரியாதா? எனக்கு மேல அதுல தேறினவ இந்த ஜில்லாவுலயே கிடையாது."

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. மைதானத்தில் ஒரு குச்சியை ஊன்றினாள்.

"கயிறு இருக்கா?"

இருந்தது. வாளிக்கயிறு, வெள்ளத்தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. மேஸ்திரியின் சாமான் அல்ல.

டீச்சர் கயிற்றின் ஒரு முனையைக் குச்சியில் வளையம் போட்டு மாட்டினாள். ஆறடி தள்ளி, கயிற்றில் ஒரு ஆணியைச் சொருகி, வெள்ளத்தாய் கையில் கொடுத்தாள்.

"இழுத்துப் பிடிச்சுச் சுத்தி வாங்க. கயிறு தொய்யக்கூடாது."

வெள்ளத்தாய் குனிந்து, ஆணியால் மண்ணைக் கீறிக்கொண்டே சுற்றி வந்தாள். புறப்பட்ட இடத்துக்கே கோடு வந்து சேர்ந்தது. பெரிய வட்டம்.

"குச்சி மேல படுற மாதிரி, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்கு நேரா ஒரு கோடு."

கயிற்றை நீட்டிப் பிடித்து அதையும் கீறினாள். கோடு வட்டத்தைத் தொட்ட இரண்டு இடத்திலும் இரண்டு முளை அடித்தாள்.

"இப்ப நில்லுங்க."

"எங்க?"

"அவரு சொன்ன இடத்துல."

வெள்ளத்தாய் டீச்சரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு வட்டத்தின் விளிம்பில், ஓரமாகப் போய் நின்றாள்.

"உங்க கால்கிட்ட ஒரு முளை அடிங்க. அங்கேருந்து அந்த ரெண்டு முளைக்கும் கயிறு கட்டுங்க."

அதற்குள் மணி அடித்துவிட்டது. டீச்சர் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் புறப்பட்டாள்.

"டீச்சர், பாதியில விட்டுட்டுப் போறீங்களே."

"மீதி உங்க காலுக்குக் கீழதான் இருக்கு" என்றாள் டீச்சர். நாலு எட்டு போனவள் திரும்பினாள். "நடுவுல நிக்கிறவருக்கு என்ன கிடைக்கும் அக்கா? நாளைக்கு வந்து சொல்லுங்க."

போய்விட்டாள்.

வெள்ளத்தாய் கயிறு கட்டினாள். தன் காலடியில் கயிறு மடங்குகிற இடத்தைப் பார்த்தாள். அவள் கண் பொய் சொல்லாத கண். இருந்தாலும் ஓடிப்போய் ஒரு செங்கல்லைத் தூக்கி வந்து அந்த மடிப்பில் வைத்தாள். கல்லின் ஒரு பக்கத்தோடு ஒரு கயிறு ஓடியது. அடுத்த பக்கத்தோடு மறு கயிறு ஓடியது.

தற்செயலாக இருக்கும் என்று நினைத்தாள்.

முளையைப் பிடுங்கி, வட்டத்தின் மேலேயே பத்தடி தள்ளி அடித்தாள். கல்லை வைத்தாள். உட்கார்ந்தது.

மறுபடி பிடுங்கினாள். இன்னொரு ஓரம். உட்கார்ந்தது.

எதிர்ப் பக்கத்து ஓரம். உட்கார்ந்தது.

இருபத்திரண்டு வருஷமாகத் தலையில் சுமந்த கல்லை மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளத்தாய் மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள். அந்தப் பக்கம் வந்த சத்துணவு ஆயா, வெயில் மண்டைக்கு ஏறிவிட்டதோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் காலை எல்லாரும் கூடிவிட்டார்கள். கொத்தனார்கள் ஏழு பேர், சித்தாள்கள் ஆறு பேர். எட்டாம் வகுப்பு ஜன்னலில் பிள்ளைகளின் தலைகள். அவற்றுக்குப் பின்னால் அமலி டீச்சர்.

வெள்ளத்தாய் முந்தின நாள் வட்டத்தின்மேல் போய் நிற்கவில்லை. அதை யாரோ போட்டுக் கொடுத்தது என்று மேஸ்திரி சொல்லுவார். மேஸ்திரி காட்டின இடத்திலேயே குச்சி ஊன்றி, கயிறு கட்டி, சுற்றி வந்தாள்.

"என்னளா, கும்மி அடிக்கவா வந்திருக்க?" என்றார் மேஸ்திரி.

வெள்ளத்தாய் கயிற்றை நீட்டிப் பிடித்தாள். நடுக்குச்சி மேலே நேர்கோடு இழுத்தாள். இரண்டு முளை அடித்தாள். இடுப்பை நிமிர்த்திக்கொண்டு கேட்டாள்.

"நான் எங்க நிக்கட்டும் மேஸ்திரி?"

மேஸ்திரி யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லியது.

"ஓரமா நில்லு."

வெள்ளத்தாய் ஓரமாக நின்றாள். காலடியில் முளை அடித்து, கயிறு கட்டினாள்.

"உங்க மட்டத்த வச்சுப் பாருங்க. நான் தொடல."

மேஸ்திரி குனிந்து வைத்தார். இரும்பின் இரண்டு கைகளோடும் இரண்டு கயிறும் ஒட்டிக்கொண்டு ஓடின. ஒரு நூல் இடைவெளி இல்லை.

சித்தாள்களில் ஒருத்தி, "ஆத்தாடி" என்றாள், மெல்ல.

"குருட்டாம்போக்கில விழுந்திருக்கு" என்றார் மேஸ்திரி. "இங்கன வேண்டாம். இன்னும் ஓரமாப் போ. அந்த மணல் குவியல் பக்கம் போ."

வெள்ளத்தாய் வட்டத்தின் மேலேயே நடந்து மணல் குவியல் பக்கம் போனாள். முளை. கயிறு. மேஸ்திரி மட்டத்தை வைத்தார்.

உட்கார்ந்தது.

"அந்த முளைக்கிட்ட போ. நெருங்கி நில்லு. இன்னும் நெருங்கி."

அவருக்கு நெற்றி வேர்த்திருந்தது. ஒரு கயிறு ஒரு முழம்கூட இல்லாமல், மறு கயிறு வட்டத்தின் குறுக்கே நீண்டு போகும்படி அவளை ஒரு மூலைக்கு ஒதுக்கினார். பார்த்தால் கோணலாகத்தான் தெரிந்தது. கொத்தனார்கள் கழுத்தை நீட்டினார்கள்.

மட்டத்தை வைத்தார். உட்கார்ந்தது.

யாரும் சிரிக்கவில்லை. போன தடவை சிரித்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளத்தாய்க்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் இவர்கள் தன்னைத் துரத்திய இடமெல்லாம் சரியான இடமாக இருந்திருக்கிறதே என்ற கோபம்.

மேஸ்திரி எழுந்தார். தோற்றுப் பழக்கமில்லாத மனுஷன். விறுவிறுவென்று வட்டத்துக்குள் நடந்து, நடுக்குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் காலை ஊன்றி நின்றார்.

"ஓரத்துல போட்டது போதும். நான் நிக்கேன் பாரு, நட்டநடுவுல. எங் கால்கிட்ட மூலை போடு பாப்போம். போடலன்னா நீ தோத்தாச்சு."

பந்தயத்தில் இல்லாத பேச்சு. கொத்தனார்களில் மூத்தவர், "அது ஞாயமில்ல மேஸ்திரி" என்று வாயெடுத்தார். வெள்ளத்தாய் கையைக் காட்டி அவரைத் தடுத்தாள்.

கயிற்றை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குள் வந்தாள். ஒரு முளையில் கட்டி, மேஸ்திரியின் பெருவிரல் பக்கமாக இழுத்து, அடுத்த முளையில் கட்டினாள்.

கயிறு எங்கேயும் மடங்கவில்லை. முளையிலிருந்து முளைக்கு ஒரே நேராகக் கிடந்தது.

மேஸ்திரி மட்டத்தை இப்படி வைத்தார். அப்படித் திருப்பி வைத்தார். வைப்பதற்கு அங்கே மூலை இல்லை.

"பாத்தியா?" என்றார். குரல் எகிறியது. "இங்க ஒண்ணும் விழல. பாத்தீங்களாடே எல்லாரும்?"

வெள்ளத்தாய் ஜன்னலைப் பார்த்தாள். அமலி டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நேற்றுக் கேட்ட கேள்வியின் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளத்தாய் மேஸ்திரியின் பக்கம் திரும்பினாள்.

"நடுவுல நிக்கிறவருக்கு மூலை கிடைக்காது மேஸ்திரி" என்று கரண்டிக்குக் கையை நீட்டினாள். "வேணும்னா கொஞ்சம் ஓரமா நில்லுங்க."