மணிவிழாக் கல்லின் ஐந்தாம் அடி

கல்லூரித் தாளாளர் வேலாயுதப் பெருமாள் இருமினாலே பேராசிரியர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவருடைய மணிவிழாவன்று, பழந்தமிழ் இலக்கியத்தில் இளங்கலை பயிலும் பூங்கோதையைத் தம் அறைக்கு அழைத்தார்.

“இந்தப் படிப்புக்கு என்ன பயன்? தக்க பதில் சொல். இல்லையென்றால் இன்றோடு உங்கள் துறைக்குப் பூட்டு.”

அருகில் நின்ற முதல்வருக்கு வியர்த்தது. பூங்கோதை நிமிர்ந்து பார்த்தாள். 

“தாங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று அறிய உதவும், ஐயா.”

“என்ன திமிர் உனக்கு!”

“இன்று திறக்கவிருக்கும் கல்லில் தங்களைப் புகழத் தாங்களே ஒரு பழம்பாட்டைப் பொறிக்கச் செய்திருக்கிறீர்கள். அதன் முதல் நான்கு அடிகளில் வள்ளல் வாரி வழங்குகிறார். கல்லில் இடமில்லாமல் விட்டுவிட்ட ஐந்தாம் அடியில் இறந்துவிடுகிறார். அது கையறுநிலைப் பாட்டு, ஐயா. மாண்டவருக்காகப் புலவர் அழுது பாடுவது.”

தாளாளரின் கை தானாகவே மார்பைத் தொட்டது. “முதல்வரே, உமக்குத் தெரியாதா?”

“தெரியும், ஐயா. சொல்லப் பயம்.”

“போகட்டும். வருகிறவர்களில் யாருக்குப் புரியப்போகிறது?”

“கல்லைத் திறக்க வரும் மாவட்ட ஆட்சியரம்மா பட்டப்படிப்பில் படித்தது எங்கள் பாடம்தான், ஐயா.”

வெளியே ஆட்சியரின் கார் வந்து நின்றது. தாளாளரின் முகம் வெளுத்தது.

“கல்லை மூடியே வைக்கச் சொல்கிறேன். மேடையில் படிக்க, உயிரோடிருப்பவனுக்கு ஏற்ற பாட்டு ஒன்று கிடைக்குமா, அம்மா?”

“கிடைக்கும், ஐயா. நாளை எங்களுக்கு வகுப்பு உண்டா?”

“உண்டு, தாயே! ஓடு!”