அரசன் சொன்ன 'ம்'

கதை சொல்லும்போது கேட்பவர்கள் ம் கொட்டுவது வழக்கம். இந்தக் கதைக்கு அது வேண்டாம். ஏன் என்று போகப் போகத் தெரியும். பிடித்தால் சிரியுங்கள், பிடிக்காவிட்டால் எழுந்து போங்கள். சும்மா ம் கொட்டிக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருக்காதீர்கள்.

மேகங்கள் ஊரைக் கேட்டுவிட்டு மழை பெய்த அந்தக் காலத்தில், இலந்தைநாடு என்று ஒரு சின்ன நாடு இருந்தது. அதை நன்னிவேள் என்ற அரசன் ஆண்டான். நல்லவன். யாரையும் அடிக்க மாட்டான், யார் சோற்றிலும் மண் போட மாட்டான். ஆனால் அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் 'ம்' என்பான்.

அதற்குக் காரணமும் உண்டு. 'ம்' என்று சொன்னால் எதிரே நிற்பவர் சந்தோஷமாகப் போய்விடுவார். மறுபடியும் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். இதைச் சின்ன வயதிலேயே அவன் கண்டுபிடித்துவிட்டான்.

அவனுக்கு மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள். எழுத்து சொல்லிக்கொடுத்தவர், "புரிந்ததா?" என்று கேட்டார். 'ம்' என்றான். வில் சொல்லிக்கொடுத்தவர், "புரிந்ததா?" என்று கேட்டார். 'ம்' என்றான். நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் கேட்டபோதும் 'ம்'தான். மூவரும் பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அரசனுக்குத் தன் பெயரை எழுத வரவில்லை, அம்பு விட வரவில்லை, இடுப்பளவு தண்ணீரில் நிற்கவும் பயம்.

இப்படி ஓர் அரசன் இருப்பது விற்க வருகிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா? கடல் தாண்டி மூன்று கப்பலோடு சீராளன் என்ற வணிகன் வந்தான். பெயரில்தான் சீர்.

முதல் தடவை சங்கினால் செய்த குடை ஒன்றை விற்றான். அதைத் தூக்க எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். நிழல் ஒருவருக்குத்தான் விழுந்தது. இரண்டாம் தடவை ஒரு கட்டில் விற்றான். அரண்மனை வாசலில் அது நுழையவே இல்லை. யானைக் கொட்டிலில் கொண்டுபோய்ப் போட்டார்கள், யானையும் அதைக் காலால் ஒதுக்கிவிட்டது. மூன்றாம் தடவை கண்ணாடி மயில் ஒன்றைக் கொண்டுவந்தான். முடுக்கிவிட்டால் தோகை விரித்து ஆடும்.

"இதற்குப் பொன் வேண்டாம் மகாராஜா. ஊருக்கு வெளியே ஒரு தண்ணீர்க்குட்டை கிடக்கிறதே, அதைக் கொடுத்தால் போதும்" என்றான் சீராளன்.

அரசன் வானத்தில் போன கொக்குக் கூட்டத்தைப் பார்த்தபடியே 'ம்' என்றான்.

அந்தக் குட்டையின் பெயர் அல்லியேரி. இலந்தைநாட்டில் இருந்ததே அந்த ஒரே ஏரிதான். அரசன் வாயால் சொன்னால் ஓலையில் எழுதிய மாதிரி என்பது அந்நாட்டுச் சட்டம். மறுநாள் காலையில் கரையைச் சுற்றிச் சீராளனின் ஆட்கள் தடியோடு நின்றார்கள். ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு குடம் நெல் கேட்டார்கள். அந்த வருஷம் பார்த்து மேகங்களும் ஊர்ப்பக்கம் வரவில்லை. வயலில் நெற்கதிர் பால் பிடித்து நின்றது. ஏரித் தண்ணீர் போகாவிட்டால் நாட்டுக்கே சோறு கிடையாது.

ஏரியில் முங்கி, அடியில் இருக்கும் மடைக்கல்லைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவது காத்தாயி என்ற பெண்ணின் வேலை. அன்றைக்கு அவளைக் கரையிலேயே ஏறவிடவில்லை. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. வயலில் இறங்கி ஒரு கதிரை ஒடித்து மடியில் கட்டிக்கொண்டு நேரே அரண்மனைக்குப் போனாள். வயிறு நிறைய விருந்து சாப்பிட்ட சீராளனும் அங்கேதான் அமர்ந்திருந்தான்.

"ஏரி உங்களுதுன்னு ஆயிருச்சு. ரொம்பச் சந்தோஷம் ஐயா" என்று அவனைக் கும்பிட்டாள் காத்தாயி. "புதுசா ஏரி வாங்கினவருக்கு அந்த ஏரியோட கதையைச் சொல்லிட்டுப் போறது எங்க வழக்கம். நீங்க ம் கொட்டணும். கொட்டலைன்னா கதை நகராது."

சீராளன் சிரித்துக்கொண்டே சாய்ந்து உட்கார்ந்தான்.

"அல்லியேரியில ஒரு ஆமை இருந்துச்சு" என்றாள் காத்தாயி.

"ம்" என்றான் சீராளன்.

"ஆமைக்கு மூணு குட்டி."

"ம்."

"மூணும் நடந்துச்சு, நடந்துச்சு, கடற்கரை வரைக்கும் நடந்துச்சு."

"ம்." சீராளனுக்குக் கொட்டாவி வந்தது. விரல் நகத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

"அங்க சீராளன் ஐயாவோட கப்பல் மூணும் நின்னுச்சு."

"ம்."

"அந்தக் கப்பல் மூணையும் ஐயா இந்த நாட்டுக்கே குடுத்துட்டாரு."

"ம்."

காத்தாயி சபையைத் திரும்பிப் பார்த்தாள். "கதை முடிஞ்சுது. எல்லாரும் கேட்டீங்கல்ல?"

சீராளன் துள்ளி எழுந்தான். "இது என்ன அநியாயம்! கதைக்குத்தானே ம் கொட்டினேன்? காதில் விழுகிறது என்றுதானே அதற்கு அர்த்தம்? கொடுக்கச் சம்மதம் என்றா அர்த்தம்?"

"அப்படியா? எங்க ராசா சொன்ன 'ம்'முக்கு மட்டும் என்ன அர்த்தமாம் ஐயா?" என்றாள் அவள்.

சபை கொல்லென்று சிரித்தது. கிழட்டு அமைச்சர் கைதட்டியே விட்டார். "இரண்டு 'ம்'மும் செல்லாது. அரசரை மறுபடி கேளுங்கள். இந்த முறை முழு வார்த்தையாகப் பதில் வர வேண்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

சீராளன் அசரவில்லை. இந்த அரசனைத்தான் மூன்று தடவை பார்த்திருக்கிறானே! ஏரியைப் பற்றி மூச்சே விடவில்லை. மயிலை முடுக்கினான். அது தோகை விரித்தது, தரையெல்லாம் வண்ணம் ஓடியது. "மகாராஜா, இந்த மயில் தங்களுக்கு வேண்டுமா?" என்று தேன் ஒழுகக் கேட்டான்.

அரசன் விழித்தான். காத்தாயியைப் பார்த்து, "எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீயே சொல்லிவிடு" என்றான்.

"நான் சொல்ல மாட்டேன் ராசா. சொன்னா அதுக்கும் 'ம்'முனு சொல்லுவீங்க. வேணும்னாலும் கடைசியில 'ம்'தான் வருது. வேணாம்னாலும் கடைசியில 'ம்'தான் வருது. முன்னாடி வர்றத நீங்கதான் சொல்லணும்."

அப்படிச் சொல்லிவிட்டு மடியை அவிழ்த்து, கதிரை அவன் கையில் வைத்தாள்.

அரசன் நெல்லைச் சோறாகத்தான் பார்த்திருக்கிறான். ஒரு மணியை நசுக்கினான். விரலில் வெள்ளையாகப் பால் ஒட்டியது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டான்.

"இது எப்போது அரிசி ஆகும்?"

"இன்னும் பத்து நாள் தண்ணி நின்னா அரிசி ஆயிரும். நிக்கலைன்னா பதருதான் ராசா."

மயில் ஆடிக்கொண்டே இருந்தது. அரசன் வாயைத் திறந்தான்.

"ம்" என்றான்.

அமைச்சர் தலையில் கைவைத்தார். காத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள். சீராளன் தோளில் துண்டைச் சரிசெய்தான்.

"ம், மயில் அழகாகத்தான் இருக்கிறது" என்றான் அரசன். "ஆனால் எனக்கு வேண்டாம்."

அப்பாடா! சபை முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதில் விளக்குகளெல்லாம் ஆடின என்று சொல்வார்கள். எனக்கே இந்த இடம் வரும்போது இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சீராளன் மயிலைத் தூக்கிக்கொண்டு, கப்பல் தப்பியதே போதும் என்று கடற்கரையைப் பார்க்க ஓடினான். கட்டிலையும் எடுத்துப் போகச் சொன்னார்கள். அதற்குள் அவன் பாய்மரம் ஏற்றிவிட்டான்.

ஏரியில் தடியோடு நின்ற ஆட்களும் அவனோடு போய்விட்டார்கள். காத்தாயி ஏரிக்கு ஓடினாள். முங்கினாள், மடையைத் திறந்தாள். வாய்க்காலில் தண்ணீர் சளசளவென்று ஓடியது. ஈரத்தலையோடு அவள் மேலே வந்தபோது கரையில் அரசன் நின்றிருந்தான், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

"எனக்கும் மடை திறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றான். யாரும் கேட்காமலே சொன்னான்.

"பயம் இல்லையா ராசா?"

"இருக்கிறது. இருந்தாலும் வேண்டும்."

முதல் நாள் முங்கியவன் தண்ணீரைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டே எழுந்தான். இரண்டாம் நாள் கை நிறையச் சேற்றோடு எழுந்தான். மூன்றாம் நாள் ரொம்ப நேரம் தலையே தெரியவில்லை. கரையில் நின்ற ஊரே பதறியது. திடீரென்று வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் அரசன் தலை தெரிந்தது. நீச்சல் ஆசிரியரிடம் மூன்று வருஷத்தில் வராதது மூன்று நாளில் வந்துவிட்டது.

பத்தாம் நாள் தாண்டி நெல் முற்றியது. ஊர் வயிறாரச் சாப்பிட்டது. அதற்குப் பிறகு அந்த அரண்மனையில் யாராவது எதையாவது விற்க வந்தால், அரசன் முதலில் ஒரு நெல்மணியை விரலில் உருட்டிப் பார்த்துக்கொள்வானாம். பிறகுதான் பதில் சொல்வானாம்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: மனம் விரும்பி 'வேண்டும்' என்று சொல்பவனுக்கே கல்வி வரும், மனமறிந்து 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவனிடமே அவன் பொருள் நிற்கும்.