இடக்கை முடிச்சு

கதை முடிகிற இடத்தில் ஒரு கேள்வி நிற்கும். விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது. காதோடு கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்து உப்பளம் ஒன்றில் நாற்பது பெண்கள் வேலை பார்த்தார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்தியும் வரப்பும்தான், ஒதுங்க ஒரு செடி கிடையாது. அதனால் விடிந்ததிலிருந்து வேலை முடியும்வரை ஒருத்தியும் தண்ணீர் குடிப்பதில்லை. தாளவே முடியாதபோது ஒருத்தி பழஞ்சேலையை விரித்துப் பிடித்து முதுகைக் காட்டி நிற்பாள், இன்னொருத்தி அந்த மறைவில் உட்காருவாள். பேச்சித்தாய்க்கு லூர்தம்மாள் பிடிப்பாள், லூர்தம்மாளுக்குப் பேச்சித்தாய் பிடிப்பாள். பதினெட்டு வருஷம் அப்படித்தான் போயிற்று.

நீர்க்கடுப்பு முற்றி ஒரு பெண் பாத்தியிலேயே சுருண்டு விழுந்த அன்றைக்குப் பேச்சித்தாய் துணிந்துவிட்டாள். நாலு சுவரும் ஒரு கதவும் உள்ள கழிப்பறை வேண்டும், அதுவரை வேலை இல்லை என்றாள். நாற்பது பேரும் சரி என்றார்கள். முன்னால் நின்றவர்கள் மூவர்: பேச்சித்தாய், லூர்தம்மாள், செண்பகக்கனி. மூவரும் பாத்தித் தண்ணீரில் கை நனைத்துச் சத்தியம் செய்தார்கள். கழிப்பறை வரும்வரை அளத்துக்குள் கால் வைப்பதில்லை. வைத்தவளோடு மற்றவர்கள் ஆயுசுக்கும் பேசுவதில்லை.

செண்பகக்கனி எல்லாவற்றுக்கும் இடக்கைக்காரி. அன்றைக்கும் இடது கையைத்தான் நீட்டினாள்.

"சத்தியத்துக்குமாட்டி இடக்கை?" என்று லூர்தம்மாள் சிரித்தாள்.

"வலக்கையால செஞ்சா எனக்கே நம்பிக்கை வராதுக்கா."

பதினோரு நாள் ஓடியது. ஐப்பசி பிறந்துவிட்டது. வரப்பில் மூன்று அம்பாரமாகக் குவித்த உப்பு, மேலே ஓலை போடாமல் வெறுமனே கிடந்தது. சாயங்காலம் லூர்தம்மாள் பேச்சித்தாய் வீட்டுக்கு வந்தாள்.

"மேகம் கருக்குதுட்டி. அந்த உப்பைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"கரையட்டும். கரைஞ்சாத்தான் முதலாளிக்கு உறைக்கும்."

"அதில்லட்டி, கரைஞ்சு போச்சுன்னா..."

"நீ உப்புக்குப் பேச வந்தியா, நமக்குப் பேச வந்தியா?"

லூர்தம்மாள் வந்த வழியே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் எல்லோரும் வழக்கம்போல அளத்துக்கு வெளியே ரோட்டோரம் கூடினார்கள். லூர்தம்மாளை மட்டும் காணோம்.

"லூர்து எங்கட்டி?" என்று செண்பகக்கனியைக் கேட்டாள் பேச்சித்தாய்.

"மாதா கோயிலுக்குப் போயிருப்பா" என்றாள் அவள், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

கொஞ்ச நேரத்தில் யாரோ கைநீட்டிக் காட்டினார்கள். தலையில் ஓலைக்கட்டைச் சுமந்துகொண்டு லூர்தம்மாள் அளத்துக்குள் நடந்துகொண்டிருந்தாள். பட்டப்பகலில், அத்தனை பேரும் பார்க்க.

அளத்துக் கணக்கப்பிள்ளை மிரட்டியபோது பேச்சித்தாய் கலங்கவில்லை. புருஷன் ஏசியபோதும் அழவில்லை. இப்போது அழுதாள். பதினெட்டு வருஷம் அந்த முதுகை நம்பி உட்கார்ந்திருக்கிறாள், ஒரு தடவைகூட அது திரும்பியதில்லை. அதே முதுகு இப்போது அவளை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஓடினாள். தான் அளத்துக்குள் ஓடுகிறோம் என்கிற நினைப்பே அவளுக்கு இல்லை. ஓலைக்கட்டைப் பிடித்துக் கீழே தள்ளினாள்.

"முதலாளி என்ன தாரேன்னான்? கங்காணி வேலையா?"

லூர்தம்மாள் வானத்தைப் பார்த்தாள். "ஏட்டி, நனையாத. ஓரமா நில்லு" என்றாள்.

பொட்டுப் பொட்டாக மழை விழுந்தது. விழுந்த இடமெல்லாம் உப்பில் குழி. பேச்சித்தாயின் கைகள் அவளைக் கேட்கவில்லை. குனிந்து ஓலைக்கட்டை அவிழ்க்கப் பார்த்தன. முடிச்சு வழக்கமாக இழுக்கிற பக்கம் இளகவில்லை. எதிர்ப்பக்கம் இழுத்ததும் சட்டென்று அவிழ்ந்தது. ஓலையை எடுத்து அம்பாரத்தின் மேல் விரித்தாள். அவளைப் பார்த்ததும் மற்றவர்களும் ஓடி வந்து கைகொடுத்தார்கள். செண்பகக்கனி ஒருத்தி மட்டும் ரோட்டிலேயே நனைந்துகொண்டு நின்றாள்.

கணக்கப்பிள்ளை குடையோடு வந்தார். "என்ன தாயி, ஒரு மழைக்கே ஸ்டிரைக் கரைஞ்சிட்டா?"

லூர்தம்மாளைக் கைகாட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நிமிஷமே நாற்பது பேரும் நாற்பது திசையில் போயிருப்பார்கள். பேச்சித்தாய் வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

"நாங்கதான் அவளை அனுப்பிச்சோம். நாங்க விளைய வச்ச உப்பு, கரைய விட மாட்டோம். ஆனா லாரி வந்தா ஒரு கூடை தூக்க மாட்டோம். முதலாளிகிட்ட போய்ச் சொல்லுங்க."

லாரி மூன்று தடவை வெறுமனே திரும்பியது. அதற்கப்புறம் செங்கல் வந்து இறங்கியது. மாதம் முடியுமுன் நீலக் கதவோடு கழிப்பறை எழுந்து நின்றது.

சத்தியப்படி பேச்சித்தாய் அன்றிலிருந்து லூர்தம்மாளோடு பேசுவதில்லை. செண்பகக்கனியோடுதான் உட்கார்ந்து சோறு தின்கிறாள்.

இப்போது சொல்லுங்கள்: பேச்சித்தாய்க்குத் துரோகம் செய்தது யார்? அவள் யாரோடு பேசாமல் இருக்க வேண்டும்?

விடை: கால் வைத்ததை மட்டும் பார்த்தால், சத்தியம் செய்த மூவரில் உள்ளே போனவர்கள் லூர்தம்மாளும் பேச்சித்தாயும். கடைசிவரை கால் வைக்காதவள் செண்பகக்கனி ஒருத்திதான். ஆனால் அந்த முடிச்சு ஏன் எதிர்ப்பக்கம் அவிழ்ந்தது? கட்டியது இடக்கை. ஓலையைக் கட்டிக் கொடுத்துவிட்டு, முகத்துக்கு நேரே கேட்டபோது கோயிலைக் காட்டியவள் அவள்தான். லூர்தம்மாள் எதையும் மறைக்கவில்லை. உப்பு கரைந்துபோனால் முதலாளி மழை ஓய்ந்து மறுபடி உப்பு விளையும் தை மாசம் வரைக்கும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார், அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் முதல்நாள் சொல்ல வந்தாள். சொல்ல விடாதவள் பேச்சித்தாய். அதனால் துரோகம் செண்பகக்கனியுடையது, பிடிவாதம் பேச்சித்தாயுடையது. கால் வைத்ததுதான் குற்றமென்றால் பேச்சித்தாயும்தான் வைத்தாள், அதனால் லூர்தம்மாளோடு பேசாமல் இருப்பதற்குக் காரணம் ஏதுமில்லை. "நாங்கதான் அனுப்பிச்சோம்" என்று பேச்சித்தாய் சொன்ன பொய்யை அவளே நம்பிவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அதுதான் நடக்கவில்லை. முன்பென்றால் தாளாத நேரத்தில் ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிட்டே ஆகவேண்டும். இப்போது கதவு இருக்கிறது, தாழ்ப்பாளும் இருக்கிறது. சேலை பிடிக்க யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.