செம்பி அனுப்பிய படம்

கருவேலங்காட்டில் செம்பி என்றொரு கவுதாரி இருந்தது. ஆசிரியர் பயிற்சியில் இரண்டு முறை கோட்டைவிட்ட கவுதாரி! இந்த முறையும் தவறினால் அதன் ஐந்து குஞ்சு மாணவர்களையும் வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். செம்பிக்கோ அந்த ஐந்தும்தான் உயிர்.

பயிற்சி கொடுத்தது ஒரு குரங்கு. அது மரத்தை விட்டு இறங்காமலே, பயிற்சிக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு செல்போனைக் கீழே போட்டது.

"இனிமே பயிற்சியெல்லாம் இதுலதான்! பாடம் நடத்துங்க, படம் எடுத்து அனுப்புங்க. பேருக்கு நேரா பச்சை விழுந்தா பாஸ்!"

"ஐயா, நான் நடத்துறதை நீங்க வந்து பார்க்க மாட்டீங்களா?" என்றது செம்பி.

"அதான் படம் வருதே! நான் எதுக்கு வெட்டியா அலையணும்?"

செம்பிக்குக் கிடைத்தது பருந்துப் பாடம். மேலிருந்து நிழல் விழுந்தால் புல்லுக்குள் பதுங்க வேண்டும். குஞ்சுகள் கெட்டிக்காரக் குஞ்சுகள். ஓர் இறகுகூட வெளியே தெரியாமல் பதுங்கின. செம்பி பூரித்துப்போய்ப் படம் எடுத்து அனுப்பியது.

'மாணவர்கள் தெரியவில்லை. மீண்டும் அனுப்பவும்.'

நன்றாகப் பதுங்கிய குஞ்சு படத்தில் எப்படி ஐயா தெரியும்? இதைக் கேட்க அந்தச் செல்போனுக்குக் காது இல்லை. ஏழு முறை அனுப்பியும் அதே பதில்தான். கடைசி நாளும் வந்தது. செம்பி குஞ்சுகளை வெட்டவெளிப் பாறைக்குக் கூட்டிப்போய் வரிசையாக நிறுத்தியது.

"டீச்சர், இங்க புல்லே இல்லியே!" என்றது குறுமணி என்ற கடைக்குட்டி.

"பேசாதே! அசைஞ்சா படம் கலங்கிடும்!"

திரை திடீரென்று மங்கியது. செம்பி தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. திரையின் வெளிச்சத்தைக் கூட்டியது.

"டீச்சர், நிழல்..."

"அசையாதேன்னு சொன்னேன்ல!"

சொன்ன பேச்சைக் கேட்டுக் குறுமணி அசையாமல் நின்றது. படத்தில் ஐந்து குஞ்சுகள் பதிந்தன. பாறையில் நான்குதான் மிஞ்சின.

செம்பி அலறிக்கொண்டு மரத்தடிக்கு ஓடியது. "ஐயா! குறுமணியைப் பருந்து தூக்கிட்டுப் போயிடுச்சு!"

குரங்கு தன் செல்போனுக்கு வந்திருந்த படத்தைப் பார்த்தது. "அஞ்சும் தெளிவாத் தெரியுதே! பச்சை விழுந்துடுச்சு. நீ பாஸ்!"

மறுநாள் செம்பி வகுப்புக்குப் போனது. அதன் நிழல் விழுந்ததுமே நான்கு குஞ்சுகளும் புல்லுக்குள் பதுங்கிக்கொண்டன. அழுது அழுது கூப்பிட்டும் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

கற்பித்ததாகக் காட்டுவதற்காகக் கற்பித்ததையே கைவிடும் ஆசிரியர், தம்மை நம்பி நின்ற பிள்ளையைப் பறிகொடுப்பார்.