கருகிய மீன்

"இதோட விட்டுடறேன், அம்மா."

வந்ததும் வராததுமாக எக்குவா இப்படித்தான் ஆரம்பித்தாள். முதுகில் துணியால் கட்டியிருந்த பிள்ளையைக்கூட இறக்கவில்லை.

அரபா அம்மா சமையல் மேஜையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எதை? புருஷனையா, எழுத்தையா?"

"எழுத்தைத்தான்."

"நல்லவேளை. பிள்ளைக்கு அப்பன் வேணும்."

கானா நாட்டின் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர் அது. நாலு பிள்ளைகளை ஒற்றையாளாக வளர்த்துக்கொண்டே, சோறு கொதிக்கும் நேரத்தில் நாவல் எழுதியவர் அரபா அம்மா. எங்கோ உள்நாட்டில், கொக்கோ மரங்களுக்கு நடுவே வளர்ந்த எக்குவா, கடல் எப்படி இருக்கும் என்பதை அந்த நாவல்களில்தான் முதலில் பார்த்தாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இறங்கியதும், புருஷன் வீட்டுக்கு வழி கேட்காமல் அரபா அம்மா வீட்டுக்கு வழி கேட்டாள். மாமியார் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாள்.

"என்ன ஆச்சு, சொல்லு."

"பதிப்பகத்துக்காரர் என் நாவலைத் திருப்பி அனுப்பிட்டார். 'எங்களுக்கு ஒரு அரபா போதும், இன்னொருத்தர் வேண்டாம்'னு சொல்லிட்டார்."

அரபா அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்கம்மா. பிள்ளை தூங்குற நேரமெல்லாம் எழுதினது. உங்களை மாதிரி எழுத எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா?"

"அதுதான் தெரியுதே. கொண்டுபோய் மீன் அடுப்படியில வாசி."

கையில் இடுக்கியிருந்த காகிதக் கத்தையை எக்குவா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடற்கரையில் வரிசையாக மண் அடுப்புகள். பெண்கள் கம்பித் தட்டுகளில் மீனை அடுக்கிப் புகை போடுவார்கள். நேரம் பார்த்துத் திருப்ப வேண்டும். கொஞ்சம் அசந்தால் போச்சு, கருகிவிடும்.

அரபா அம்மா முதல் நாவலை எழுதியபோது அதை அச்சுப்போட ஆளில்லை. அடுப்படியில் போய் உட்கார்ந்து வாசித்தார். கேட்டவர்களில் ஒருத்திக்கும் எழுத்து தெரியாது. அன்றைக்கு மீன் கருகியது. அதிலிருந்து அவருக்கு அதுதான் அளவுகோல். மீன் கருகிய பக்கம் அச்சுக்குப் போகும். கருகாத பக்கம் அடுப்புக்குப் போகும்.

"ஒரு மீன்கூடக் கருகலைன்னா?"

"கத்தையை அங்கேயே அடுப்புல போட்டுடு. எழுத்தை விட்டுட்டேன்னு வந்து சொல்லு. நான் தடுக்க மாட்டேன்."

எக்குவா போனாள்.

"வாடி, கொக்கோக்காரி!" என்றாள் மன்சா. அந்த அடுப்படிக்கே பெரியவள் அவள்தான். குரலும் அப்படி. "வாசிக்கத்தானே வந்தே? வாசி, வாசி. கை வேலை செய்யட்டும், காது சும்மாதானே இருக்கு."

எக்குவா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள்.

கதையில் கடல் பொங்கியது. வடக்கத்திக் காற்று புழுதியை வாரி இறைத்தது. படகு திரும்பாத கரையில் ஒருத்தி தன்னந்தனியாக நின்றாள்.

பெண்கள் 'ம்' கொட்டினார்கள். 'ம்' கொட்டிக்கொண்டே மீனைத் திருப்பினார்கள். எல்லா மீனும் பொன்னிறமாக வெந்தது.

"நல்லாயிருக்குடி," என்றாள் மன்சா. "ஆனா இது நம்ம அரபா வீட்டுக் கடல். இதுக்கு நாங்க எப்பவோ மீனைக் கருகவிட்டாச்சு."

அடுப்படியே சிரித்தது.

எக்குவா கத்தையைச் சேர்த்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்பு வாயருகே போனாள். கண் கலங்கியது. புகையால்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதுகிலிருந்த பிள்ளை தும்மியது.

கண் கலங்கி நின்றவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடி, அழறியா சிரிக்கிறியா?"

"ஒண்ணுமில்லை, மன்சா அக்கா. என் தம்பி ஞாபகம் வந்துடுச்சு. ஒரு தும்மல்லதான் அவன் கிடைச்சான்."

"தும்மல்ல கிடைச்சானா? எங்கே போயிருந்தான்?"

"எங்கேயும் போகலை. எங்க ஊர்ல கொக்கோ விதையை மூங்கில் பாய்ல காயப்போடுவோம். பாய் வெதுவெதுன்னு இருக்கும். அம்மா தம்பியை அதோட ஓரத்துல தூங்கவெச்சிருந்தா. திடீர்னு மழை. விதை நனைஞ்சா வருஷத்து உழைப்பே போச்சு. அம்மா ஓடி வந்து பாயைச் சுருட்டினா பாருங்க..."

"பிள்ளையோடவா!"

"பிள்ளையோடதான்."

அடுப்பைச் சுற்றி ஒரு கையும் அசையவில்லை.

"மழை விட்டதும் பிள்ளையைக் காணோம். அப்பா கிணத்துல எட்டிப் பார்க்கிறார். பாதிரியார் அங்கியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு ஓடைப் பக்கம் ஓடுறார். என் அத்தை இருக்காளே, அம்மாவைத் திட்ட இதைவிட நல்ல சமயம் வருமா? அந்தப் பாய்ச்சுருள்மேல சாய்ஞ்சு நின்னுக்கிட்டு, 'பிள்ளையை வளர்க்கத் தெரியாதவ'ன்னு கத்துறா."

"அடிப்பாவி, பிள்ளை உன் இடுப்புகிட்டதானே இருக்கு!" என்று ஒருத்தி அத்தையைப் பார்த்துக் கத்தினாள். அத்தை என்னவோ அங்கேயே நிற்கிற மாதிரி.

எக்குவாவின் மூக்கில் ஏதோ ஏறியது. பேச்சை நிறுத்தினாள்.

"அக்கா, மீன்..."

"மீன் கிடக்கட்டும்டி! பிள்ளை தும்மினானா இல்லையா?"

"தும்மினான். அத்தை பேய்னு அலறிக்கிட்டு ஓடினவதான், தெருமுனையில போய்த்தான் நின்னா."

மன்சா சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் தட்டு மொத்தமும் கரியாகிக்கொண்டிருந்தது.

எக்குவா தன் கையிலிருந்த கத்தையைப் பார்த்தாள். அடுப்பில் போட்டாள். நன்றாக எரிந்தது.

திரும்பி வந்தபோது அரபா அம்மா இன்னும் மேஜையருகேதான் இருந்தார். எக்குவா இலையில் சுற்றிக் கொண்டுவந்த கருப்பு மீனை அவர் முன்னால் வைத்தாள்.

அரபா அம்மா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார்.

"எந்தப் பக்கத்துக்குக் கருகிச்சு?"

"அதை இன்னும் எழுதலைம்மா."

அரபா அம்மா வெங்காயத் தோலை ஒதுக்கித் தள்ளினார். மேஜையைத் துடைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பிறகு, பிள்ளையை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார்.